குழந்தைகளுக்குத் தடுப்பூசி: பெற்றோர் தீர்மானம்
(வன்னியம்பட்டியில் கூடிய நம் சங்கத்தார் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தடுப்பூசியைப் பற்றிப் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கடிதம் எழுதியபோது, இது டாக்டர்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே என்று சிறிது தயங்கினோம். ஆனால் ஆழ்ந்து நோக்குங்கால், ஊசி போடுவது வைத்தியத் துறையாரின் வேலையேயாயினும், போடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது வீட்டில் நடக்கும் வேலை என்பது புலனாகும். அத்தீர்மானம் பெரும்பாலும் அடுப்படியிலும் திண்ணையிலும் மாமியாரும் மருமகளும் பேசுகிற பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. ஆதலின் டாக்டரல்லாத நாம் இதைப் பேசுவதில் குற்றமில்லை என்று துணிந்து வந்தோம்.

ஊசிக்கு அஞ்சுகிறவர்களை அறிவிலிகள் என்று ஏசும் வழக்கம் படித்தவர்களிடத்தே உண்டு. அவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று. நோயின்றி விளையாடும் பிள்ளையைத் தூக்கிச் சென்று, அதன் தொடையில் ஊசியேற்றி, இரவெல்லாம் காய்ச்சலில் அழவிடுவதற்கு எந்தத் தாயின் மனந்தான் எளிதில் இசையும்? நோயுற்ற பிள்ளைக்கு மருந்து கொடுப்பது வேறு. வராத நோய்க்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு நம்பிக்கை அதிகம் வேண்டும். அந்த நம்பிக்கை நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, எங்கெங்கே தளர்ந்தது என்பதைச் சிறிது பார்ப்போம்.

நம் முன்னோர் கண்ட நோய்களில் கொடியது வைசூரி. பங்குனி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவோரும், இருக்கன்குடிக்கு நடந்து செல்வோரும் எந்த அச்சத்தில் தொடங்கிய வழிபாட்டைத் தொடர்கிறார்கள் என்பதை இங்குள்ள பாட்டிமார்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும், அயலார் உள்ளே வராதிருப்பதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை விலகியிருப்பதும் நம் பெரியோர் கண்ட ஏற்பாடுகள். நோயைப் பரவாமல் தடுக்கும் நல்ல யோசனையும் அவற்றுள் அடங்கியிருந்தது.

பசுவம்மைப் பாலைக் குத்தி வைசூரியைத் தடுக்கும் முறை இந்தியாவுக்கு 1802இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் 14ஆம் தேதி பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதலில் குத்தினார்கள். அந்நாளில் குளிர்பெட்டி ஏது? ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்தி, இவ்வாறு கை மாற்றிக் கை மாற்றியே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இதில் நம் ஜனங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வேறு ஜாதிக் குழந்தையின் உடம்பு நீரை நம் குழந்தைக்கு ஏற்றுவதா என்றார்கள். ஜாதிச் சங்கத்தின் மேடையிலேயே இதைச் சொல்லுகிறோம். வைசூரி ஒருபோதும் ஜாதி கேட்டு வீட்டுக்குள் நுழைந்ததில்லை. மக்களின் தயக்கத்தைப் போக்கச் சென்னையில் உத்தியோகம் பார்த்த எல்லிஸ் துரை ஒரு தந்திரம் செய்தார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோலத் தமிழிலேயே ஒரு பிரபந்தம் எழுதி, அம்மைப்பால் பசு அளித்த கொடை என்று நம்பவைக்க முயன்றார். நோக்கம் நல்லதே. எனினும் மெய்யைச் சொல்லி இணங்கவைப்பதே முறை. மற்றது ஜனங்களைக் குழந்தைகளாக எண்ணுவதாகும்.

பின்னர்க் கிண்டியில் கிங் நிலையம் ஏற்பட்டு அம்மைப்பால் அங்கேயே தயாராயிற்று. 1975இல் இந்தியாவில் கடைசி வைசூரி நோயாளி காணப்பட்டார். 1980இல் உலகத்திலேயே அந்நோய் ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மாரியம்மன் கோயில்களில் கூட்டம் குறையவில்லை, வைசூரிதான் இல்லை.

இனி, சந்தேகம் கொண்டவர்களுள் பெரியவர் ஒருவரைக் குறிப்பிடவேண்டும். 1955இல் ராஜாஜி அவர்கள், காசநோய்க்காக நாடெங்கும் குத்தப்பட்டுவந்த பி.சி.ஜி. ஊசியை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். அவரை அறியாதவர் என்று யார் கூறமுடியும்? ஊசியின் பலனை அறிவதற்கென்றே 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களிடம் பெரும் பரிசோதனை தொடங்கிற்று. சிலருக்கு மெய்யான ஊசி, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்பது மறைவு. பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. இதை அரசாங்க ஆராய்ச்சியாளர்களே வெளியிட்டார்கள். அவ்வாறாயின் பிறந்த குழந்தைக்கு இன்றும் ஏன் போடுகிறார்கள்? சிசுக்களுக்குக் காசக் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலையும், உடலெங்கும் பரவும் கொடிய காசத்தையும் அது தடுப்பதனாலேயே. ஒவ்வோர் ஊசிக்கும் கணக்கு வேறு. கேள்வி கேட்பது இழிவன்று. ஆனால் விடையை எண்ணிக்கையினின்று பெறவேண்டும், வதந்தியினின்று அன்று.

துயரமான கணக்கையும் மறைக்கக்கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு சிசுக்கள் அன்றே இறந்தன. நாடே கலங்கிற்று. அதன்பின் நம் மாகாணத்தில் ஊர்தோறும் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடும் ஏற்பாடு வந்தது. ஏற்பாடு எச்சரிக்கையானதே. ஆயினும் மில் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் தாய் அரைநாள் கூலியை இழந்து பஸ் ஏறவேண்டியதாயிற்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் நூற்றுக்கு 81 பேர். 2015-16இல் 70 பேர். 2019-21இல்தான் மீண்டும் 89 ஆயிற்று. இடையில் குறைந்ததற்கு அச்சமும் தொலைவும் சேர்ந்தே காரணம் என்பது நம் கருத்து.

இப்பொழுது நம் பேச்சின் நடுவிடத்துக்கு வருகிறோம். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் ஆரம்பமாயிற்று. அப்போது வாட்ஸ்அப் வழியே என்னென்ன வந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்நிய நாட்டுச் சதி என்றார்கள். ஊசி புனா நகரத்து இந்தியக் கம்பெனியில் செய்யப்பட்டது. ஆட்டிஸம் வரும் என்றார்கள்; அந்தக் கதை 1998இல் லண்டன் டாக்டர் ஒருவர் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் என்றார்கள். அதற்கு ஆதாரமே கிடையாது. எனினும் பெற்றோர் பலர் மறுத்தனர். பிப்ரவரியில் முடியவேண்டிய இயக்கம் மார்ச்சு மாதத்திலும் நீண்டது.

தட்டம்மையை, நம் பக்கத்தில் மணல்வாரி என்பதை, எல்லோரும் அறிவர். பாதுகாப்பில்லாதவர்கள் நடுவே ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைக் கொடுப்பார். அவர் எழுந்துபோன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரையில் கிருமி நிற்கும். நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் அதன் பின்னே வரும். ரூபெல்லா அப்படியன்று. பிள்ளைக்கு வந்தால் இரண்டு மூன்று நாள் தடிப்பும் இலேசான காய்ச்சலுமாகப் போய்விடும், வந்ததே தெரியாது. இதற்கா ஊசி என்று கேட்பது நியாயமே. அதன் கொடுமை விழுவது இன்னும் பிறவாத குழந்தையின்மேல். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால், சிசு கண்புரையோடும் காது கேளாமலும் இருதயக் குறையோடும் பிறக்கும் அபாயம் மிகப் பெரிது. இதை 1941இல் முதலில் கண்டு சொன்னவர் ஸிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளின் கண்புரையை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுக்களின் கண்புரையில் நாலில் ஒரு பங்கு ரூபெல்லாவால் வந்தது என்று கண்டிருக்கிறது. தாயின் பார்வைபட்டது, கிரகணம் பார்த்தாள் என்று அத்தாய்மார்களை எத்தனை பேர் பழித்திருப்பார்களோ!

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2017இல் ஊசி வேண்டாமென்று வீட்டில் நிறுத்திவைக்கப்பட்ட பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்கள் இப்பொழுது கல்யாண வயதில் இருக்கிறார்கள். அன்று பெற்றோர் செய்த தீர்மானத்தின் பலன் அவர்களுடைய முதற் கர்ப்பத்தில்தான் தெரியவரும். கர்ப்பமான பின் இவ்வூசியைப் போடலாகாது. போட்டபின் ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்கவேண்டும். ஆகையால் காலம் கல்யாணத்துக்கு முன்புதான். ஆண்பிள்ளைகளுக்கு எதற்கு என்று சிலர் கேட்பர். கர்ப்பிணியான அக்காளுக்கு நோயைக் கொண்டுவருகிறவன் பள்ளிக்கூடத்துத் தம்பியாகவும் இருக்கலாம்.

இனி வீட்டுக் காரியங்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடும் ஊசிகள் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி முதலியவற்றுக்கானவை. ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரும், தணியும். தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று. காய்ச்சல் வருவதாயின் ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்னும் அளவில் அபூர்வமாக நேர்வது. நேர்ந்தால் பெரும்பாலும் சில நிமிஷங்களிலேயே நேரும். அதற்காகவே அரைமணி அங்கேயே இருக்கச் சொல்லுகிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று எழுந்து ஓடாதீர்கள். சளி பிடித்திருக்கிறது என்று தள்ளிவைக்கவேண்டியதில்லை; கடுமையான நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நிலப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, பிள்ளையின் அட்டையில் பால் கணக்கு எழுதுகிற வீடுகள் உண்டு.

பார்க்கலாம், பிறகு போடலாம் என்பவர்கள் தீர்மானத்தை ஒத்திப்போட்டதாக எண்ணுகிறார்கள். அதுவும் ஒரு தீர்மானமே. அந்த இடைக்காலம் முழுவதும் குழந்தை பாதுகாப்பின்றி இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் புதன்கிழமையன்று சுகாதார நிலையத்துக்குக் குழந்தையோடு செல்லுங்கள். செவிலியரிடம், இது என்ன ஊசி, எதற்கு, என்ன தொந்தரவு வரும், வந்தால் யாரிடம் வருவது என்று நான்கு கேள்வி கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியிடம் எதிர்க்கேள்வி கேட்க இயலாது, அவரிடம் கேட்கலாம்.

சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. மில்லில் வேலை பார்க்கும் தாய்மார்களின் குழந்தைகளைப் புதன்கிழமை அழைத்துச்செல்ல, வீட்டிலிருக்கும் மூத்த பெண்மணிகள் முறைவைத்து உதவ ஏற்பாடு செய்யவேண்டும். நம் தெருவில் எந்த ஜாதிக் குழந்தையாயினும் அவ்வண்டியில் இடம் இருக்கட்டும். மற்றொன்று, சங்கத்தில் வரன் பதிவு செய்ய வரும் பெண்வீட்டாரிடம், ரூபெல்லா ஊசி போட்டாயிற்றா என்று விசாரித்துக்கொள்ளும்படி ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கவேண்டும். வரனை ஒதுக்குவதற்கன்று, டாக்டரைப் பார்ப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைவூட்டுவதற்கு. காகிதம் அச்சிடும் செலவு சொற்பமே. இக்கூட்டத்திலேயே அதைத் தீர்மானமாகக் கொண்டுவரத் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.