இரண்டே நாளில் ஒரு தோட்டம்: நேயர்கள் சொல்வது என்ன?

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டின் பின்புறம். உடைந்த நாற்காலி, துருப்பிடித்த மிதிவண்டி, முழங்கால் உயரத்துக்குப் புல். வீட்டுக்காரரை ஏதோ சாக்குச் சொல்லி இரண்டு நாள் வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர் திரும்பி வரும்போது அங்கே மரப்பலகைத் தளம், கூழாங்கல் பாதை, சலசலக்கும் நீரூற்று, பூத்துக் குலுங்கும் செடிகள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். நிகழ்ச்சி முடிகிறது.

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1997 முதல் 2005 வரை ஒளியேறிய 'கிரவுண்ட் ஃபோர்ஸ்' நிகழ்ச்சியின் கதை இவ்வளவுதான். வாராவாரம் இதே கதை. ஆனாலும் மக்கள் சலிக்காமல் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2000இல் தொடங்கிய 'பேக்யார்ட் பிளிட்ஸ்' அதே வழியில் நடந்து பெயர் பெற்றது. வீட்டுத் தோட்டத்தை மாற்றியமைக்கும் இந்த வகை நிகழ்ச்சிகளைப் பற்றி நேயர்களின் கருத்து தொடக்கத்திலிருந்தே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. விரும்புவோர் உருகிப்போய் விரும்புகிறார்கள். வெறுப்போர் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுக்கிறார்கள். வெறுப்போரும் தவறாமல் பார்க்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

விரும்புவோரின் கட்சியை முதலில் பார்க்கலாம். அதுவரை தோட்டக்கலை நிகழ்ச்சி என்றால் பெரிய மாளிகைத் தோட்டம், வயதான நிபுணர், வாயில் நுழையாத லத்தீன் பெயர்கள் என்றிருந்தது. 'கிரவுண்ட் ஃபோர்ஸ்' போனதோ சாதாரண மக்களின் சின்னஞ்சிறு கொல்லைப்புறங்களுக்கு. நிகழ்ச்சியை நடத்திய ஆலன் டிச்மார்ஷ், 15 வயதில் பள்ளியை விட்டு இல்க்லி நகர மன்றத்தின் நாற்றுப் பண்ணையில் வேலை பழகி, பிறகு கியூ தாவரவியல் பூங்காவில் பயின்றவர். தச்சு, கட்டுமான வேலைக்கு டாமி வால்ஷ். குளம் வெட்டவும் நீரூற்று அமைக்கவும் சார்லி டிம்மோக். ஒரு பெண் கையில் மண்வெட்டியோடு, சேறு படிந்த காலணியோடு, ஆண்களுக்குச் சமமாகக் குழி தோண்டியதைப் பார்த்த பெண் நேயர்கள் பலர் அதுவே தங்களைத் தோட்டத்துக்குள் இறக்கியது என்கிறார்கள். அவருடைய வேலையைவிட உடையைப் பற்றியே பத்திரிகைகள் அதிகம் எழுதின என்பது வேறு விஷயம். 2000இல் ஒளியேறிய ஒரு சிறப்பு நிகழ்ச்சிக்காக இக்குழு தென்னாப்பிரிக்காவின் கூனு கிராமத்துக்குப் போய், நெல்சன் மண்டேலாவின் வீட்டுத் தோட்டத்தையும் மாற்றியமைத்தது. அந்த அளவுக்குச் செல்வாக்கு இருந்தது.

மண்ணைத் தொடாதவரைத் தொட வைத்தது சின்னச் சாதனை அல்ல. அதை மறுப்பவர்கள் நியாயமாகப் பேசவில்லை.

இனி எதிர்க்கட்சி. இவர்களுடைய முதல் புகார், எல்லாத் தோட்டமும் ஒரே தோட்டமாக இருக்கிறது என்பது. மரப்பலகைத் தளம் இல்லாத நிகழ்ச்சி உண்டா என்று கேட்டுக் கேலி செய்தார்கள். பலகைத் தளம் போடுவது எளிது, விரைவில் முடியும், படம் பிடிக்க அழகு. ஆனால் பிரிட்டன் மழை நாடு. இரண்டு குளிர்காலம் போனால் பலகையில் பாசி பிடித்து வழுக்கும். அடியில் இருக்கும் இடைவெளியில் எலி குடியேறும். பார்த்த ஆசையில் தாங்களும் போட்டுவிட்டுப் பிறகு பெயர்த்தெடுத்த நேயர்களே இதை அதிகம் சொல்கிறார்கள்.

மண்ணை மூடுவது அழகோடு நிற்கும் விஷயமும் இல்லை. செடியும் புல்லும் இருக்கும் இடத்தில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும். கல்லும் சிமெண்டும் போட்ட இடத்தில் அது சாக்கடைக்கு ஓடும். ஒரு வீடு செய்தால் ஒன்றுமில்லை. தெருவே செய்தால் தெருவில் வெள்ளம். 2007 கோடையில் இங்கிலாந்து பெருவெள்ளத்தைக் கண்டது. 2008 அக்டோபர் 1 முதல், வீட்டின் முன்புறத் தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, அந்த நீர் வடிய மண்பரப்பும் விடாவிட்டால் அனுமதி பெற வேண்டும் என்று அங்கே விதி வந்தது. இதற்கெல்லாம் தொலைக்காட்சிதான் காரணம் என்று சில நேயர்கள் ஒரேயடியாகப் பழி போடுவது சரியல்ல. முன்புறத்தை மூடியவர்களில் பெரும்பாலோர் கார் நிறுத்தவே மூடினார்கள். நிகழ்ச்சியில் காட்டியது பெரும்பாலும் பின்புறம். ஆனால் மண் என்பது மூடி மறைக்க வேண்டிய அசிங்கம் என்ற எண்ணத்துக்குத் திரை தூபம் போட்டது என்றால் அதை மறுப்பது கடினம்.

இரண்டாவது புகார் இன்னும் ஆழமானது. தோட்டத்திலிருந்து காலத்தை எடுத்துவிட்டார்கள் என்பது அது. இரண்டு நாளில் கட்டடம் கட்டலாம். செடியை வாங்கி நடலாம். வளர்க்க முடியாது. அதனால் நாற்றுப் பண்ணையில் வளர்ந்து பூத்த செடிகளை வண்டியில் கொண்டுவந்து நெருக்கி நெருக்கி வைப்பார்கள். படப்பிடிப்பு நாளில் தோட்டம் நிறைந்து வழியும். ஒவ்வொன்றும் தன் முழு அளவுக்கு வளரும்போது ஒன்றை ஒன்று நெரிக்கும், பாதி சாகும். புதிதாக நட்ட செடிக்கு முதல் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். விரித்த புல்தரையை வெயிலில் ஒரு வாரம் மறந்தால் காய்ந்துவிடும். இதையெல்லாம் யார் செய்வார்? இரண்டு நாளைக்கு முன்புவரை புல்லைக் கூட வெட்டாதவர்தானே அந்த வீட்டுக்காரர்!

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1968 முதல் ஒளியேறிவரும் 'கார்டனர்ஸ் வேர்ல்ட்' நிகழ்ச்சியை 1996 முதல் 2002 வரை நடத்தியவரும் இதே டிச்மார்ஷ்தான். அங்கே விதை போட்டு, முளைக்கக் காத்திருந்து, பூச்சி அரித்ததைக் காட்டி, பருவம் பருவமாகப் பேசினார். இங்கே சனி ஞாயிறில் முடித்தார். ஒரே மனிதர் ஒரே ஆண்டுகளில் இரண்டையும் செய்தார். எது அதிகப் பரபரப்பை உண்டாக்கியது என்று கேட்கவே வேண்டாம். 'கிரவுண்ட் ஃபோர்ஸ்' நிகழ்ச்சியைத் தயாரித்த நிறுவனம், வீட்டு அறைகளை இரண்டு நாளில் மாற்றியமைக்கும் 'சேஞ்சிங் ரூம்ஸ்' நிகழ்ச்சியையும் தயாரித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். தோட்டம் அங்கே கூரையில்லாத இன்னோர் அறை.

மூன்றாவது புகாரைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் அதுதான் கனமானது. யாருடைய தோட்டம் அது? கணவனோ மனைவியோ மகளோ எழுதிப் போட, உரியவருக்குத் தெரியாமல் வேலை நடக்கிறது. காமிராவுக்குக் குப்பையாகத் தெரியும் புதர், மறைந்துபோன தாயார் நட்டதாக இருக்கலாம். கோணலாக நிற்கும் ஆப்பிள் மரத்தடியில் ஒரு குடும்பமே வளர்ந்திருக்கலாம். திரும்பி வந்தவர் அழுகிறார். அது மகிழ்ச்சிக் கண்ணீரா வேறா என்று நேயர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். சுற்றிலும் காமிராவும் உழைத்துக் களைத்த ஆட்களும் நிற்கும்போது, "எனக்குப் பிடிக்கவில்லை, பழையபடி வேண்டும்" என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்?

பின்னால் வந்த நிகழ்ச்சிகளைப் பார்த்தால் இந்தப் புகார்கள் காற்றோடு போகவில்லை என்று தெரிகிறது. 2011இல் ஐடிவியில் டிச்மார்ஷ் தொடங்கிய 'லவ் யுவர் கார்டன்' நோயாளிகள், உடற்குறை உள்ளவர்கள், பிறருக்காக உழைத்தவர்கள் ஆகியோரின் வீடுகளுக்குப் போனது. சக்கர நாற்காலி போக வழி, குனியாமல் நடுவதற்கு உயரமான பாத்தி. அங்கே பலகைத் தளத்தைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை, தளம் ஒருவருக்குத் தேவையாக இருந்ததால். 2014இல் வந்த மான்ட்டி டானின் 'பிக் ட்ரீம்ஸ், ஸ்மால் ஸ்பேசஸ்' நிகழ்ச்சியில் வீட்டுக்காரரே தோண்டினார், வீட்டுக்காரரே செலவழித்தார், மாதக்கணக்கில் ஆனது. அவர் எடுத்துக்கொண்ட வேலை பாதியில் திணறியதையும் காட்டினார்கள். 2016இல் தொடங்கிய 'கார்டன் ரெஸ்க்யூ'வில் அதே சார்லி டிம்மோக் மீண்டும் வந்தார். ஆனால் இப்போது உரிமையாளர் தம் செலவு வரம்பைச் சொல்கிறார், முன்வைக்கப்படும் இரண்டு வரைபடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஆச்சரியம் போனது, சம்மதம் வந்தது. பழைய பரபரப்பு இல்லை என்று குறைப்படும் நேயர்களும் உண்டு. அந்தப் பரபரப்புக்கு விலை கொடுத்தவர் வீட்டுக்காரர் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்நிகழ்ச்சிகளைப் பார்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டுத் தோட்டத்தை அப்படியே இங்கே இறக்க முடியாது. பலகைத் தளத்துக்கு அங்கே பாசி என்றால் இங்கே கரையானும் சேரும். அங்கே பத்து ஆண்டில் நெருக்கும் செடி இங்கே ஆண்டு முழுதும் மழையும் வெயிலும் குடித்துச் சில மாதங்களில் நெருக்கிவிடும். நீரூற்று விஷயம் இன்னும் கடுமை. நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை சரி. மோட்டார் பழுதாகி நின்றுவிட்டால் ஒரு வாரத்தில் அது ஏடிஸ் கொசுப் பண்ணை. பூச்சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரே டெங்கிக் கொசுவுக்குப் போதும் என்று சிங்கப்பூரின் தேசிய சுற்றுப்புற வாரியம் ஓயாமல் சொல்லி வருகிறது. மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் உண்டு. திரையில் காணும் குளத்தருகே கொசுப்புழு மருந்து போடும் காட்சி வருவதில்லை.

வீவக அடுக்குமாடியில் இருப்பவருக்குக் கொல்லைப்புறமே கிடையாது. பொது நடைபாதையில் வரிசையாக வைக்கும் துளசி, கறிவேப்பிலை, பண்டான் சட்டிகள்தாம் தோட்டம். அங்கே தீ விபத்தின்போது ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வரம்புக்குள் ஆண்டுக்கணக்கில் சட்டி மாற்றி, மண் மாற்றி, பக்கத்து வீட்டாருக்குக் கறிவேப்பிலை ஒடித்துக் கொடுத்து வளர்க்கும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படம் பிடிக்க இரண்டு நாள் போதாது.