அடித்தலில் பிறந்த ஓவியம்



இரவீந்திரநாத தாகூர் 1900ஆம் ஆண்டில் ஓவியம் வரைந்து பழகினார். பென்சிலைவிட அழிப்பானுக்கே வேலை மிகுதி என்று அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போசுக்கு நகைச்சுவை ததும்ப எழுதினார். அம்முயற்சி நிலைக்கவில்லை. 1913இல் நோபெல் பரிசு வந்தது. உலகப் புகழும் சேர்ந்தது.

1924இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, ‘பூரவி’ கவிதைகளை எழுதிய ஏட்டில் அடித்த சொற்களை அவர் கோடுகளால் இணைத்தார். அவை பறவைகளாகவும் விலங்குகளாகவும் உருக்கொண்டன. அப்போது அவருக்கு அகவை 63. முறையான ஓவியப் பயிற்சியும் இல்லை. அவ்வேட்டைக் கண்டு வியந்த விக்டோரியா ஒகாம்போ, 1930இல் பாரிசில் அவருடைய முதல் ஓவியக் காட்சி நடைபெறத் துணைநின்றார். 1941இல் மறையுமுன் 2000க்கும் மேற்பட்ட ஓவியங்களை அவர் தீட்டிவிட்டார்.

பிழையை அழித்துக்கொண்டிருந்த காலத்தில் கைவராத கலை, பிழையின்மேலேயே கோடு இழுத்தபோது கைவந்தது. புகழ் பெற்றவர் மீண்டும் மாணவராவது எளிதன்று. தவறு செய்வதைப் பிறர் காண்பர் என்னும் அச்சம் தடுக்கும். தாகூர் அந்த அச்சத்தை வென்றார்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்களும் அடித்த தாளைக் கிழித்தெறியுமுன் ஒருமுறை உற்றுநோக்குவார்களாக!