எந்த நாடு வேண்டும் என்று எவர் கேட்டார்?

(திருப்புட்குழியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தறியை நிறுத்திவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் நெசவாளத் தோழரிடம், "ஐயா, தங்களுக்கு எந்த நாட்டின் குடியுரிமை வேண்டும்?" என்று கேட்டால் என்ன சொல்வார்? சிரிப்பார். "இதென்ன கேள்வி! பிறந்தது இங்கே, பிழைப்பது இங்கே, என் பாட்டன் பாவு நீட்டியதும் இதே தெருவில்தான்" என்பார். அப்படிச் சிரிக்க முடிகிறதே, அதுவே அவர் பெற்றிருக்கும் பெருஞ்செல்வம்!

காஞ்சி வட்டாரத் தறிகளிலே செங்குந்தர் உண்டு. தெலுங்கு பேசும் பத்மசாலியர் உண்டு. யாருடைய முன்னோர் எத்திசையிலிருந்து வந்தனர் என்று எவரும் இன்று வழக்காடுவதில்லை. இங்கே நெய்தனர், இங்கே வாழ்ந்தனர், ஆகவே இவ்வூரார் ஆயினர். நெய்த பட்டுக்கும் காஞ்சிப்பட்டு என்றே பெயர். உழைத்த மண்ணே உரிமை மண் என்பது நாம் நாள்தோறும் காணும் நீதி.

இந்த எளிய நீதிதான் இராமேசுவரத்துக்கு அப்பால், கூப்பிடு தொலைவில் இருக்கும் இலங்கையிலே மறுக்கப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெள்ளைத் துரைமாரின் காப்பித் தோட்டங்களுக்காகக் கங்காணிகள் நம் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். தலைமன்னாரிலே கரையேறி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர் நம் மக்கள். நோயால் மடிந்தவர் பலர். எஞ்சியோர் மலையைத் திருத்தினர். காப்பி போய்த் தேயிலை வந்தது; லயத்து அறையிலே பிள்ளைகள் பிறந்தனர்; பேரப்பிள்ளைகளும் பிறந்தனர். இலங்கையின் செல்வம் அவர்கள் கொய்த கொழுந்திலே விளைந்தது.

1947 தேர்தலில் அம்மக்களின் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. விளைந்தது அச்சம்! விடுதலை பெற்ற அதே ஆண்டில், 1948 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டுக் குடியுரிமை உண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை உலகுக்கு அறிவித்தது டிசம்பர் 10ஆம் நாள். இடையே இருந்தவை இருபத்தைந்தே நாட்கள்! 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று.

தோழர்களே, இவ்விடத்தை ஊன்றிக் கேளுங்கள். அம்மக்கள் விரும்பியது எந்த நாட்டை? ஊகிக்க வேண்டியதில்லை, அவர்களே சொன்னார்கள். 1949இல் வந்த இன்னொரு சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது அங்கே வாழ்ந்ததை மெய்ப்பித்தால் குடியுரிமை உண்டு என்றது. தோட்டத்துக் கூலியிடம் தாளும் தடயமும் ஏது? ஆயினும் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், "எங்களுக்கு இலங்கைதான் வேண்டும்" என்று விண்ணப்பித்தனர். கிடைத்ததோ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு!

மக்கள் விடை சொல்லிவிட்டார்கள். அந்த விடை ஆளவந்தார்களுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே அவர்களைக் கேளாமலே கணக்குத் தீர்க்க முற்பட்டனர். 1964 அக்டோபர் 30ஆம் நாள், டில்லியில், சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஒப்பந்தம் செய்தனர். மொத்தம் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றனர். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்தனர். மூட்டைகளையா பிரித்தார்கள்? மனிதர்களை! எண்ணப்பட்டவர்களுள் ஒருவரேனும் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை.

"தமிழர் தமிழகம் வருவதில் என்ன குறை? தாய்வீடுதானே?" என்று கேட்ட நல்லவர்கள் நம்மிடையேயும் உண்டு. மகள் தானே விரும்பித் தாய்வீடு வருவது வேறு. கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டு வருவது வேறு! 'இராமானுஜம்' என்று பெயர் பூண்ட கப்பல் அவர்களைச் சுமந்து வந்தது. இராமானுசர் இளமையில் பாடம் கேட்ட ஊர் என்று பெருமை பேசும் உங்களுக்குப் பழகிய பெயர் அது. மண்டபம் முகாமில் இறங்கினர். நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு பல ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். அங்கே அவர்களை 'இந்தியாக்காரர்' என்றார்கள், 'கள்ளத்தோணி' என்றார்கள். இங்கே நாம் 'சிலோன்காரர்' என்றோம். குற்றம் கொழும்பில் மட்டும் இல்லை, தோழர்களே. நம் நாவிலும் இருந்தது.

எஞ்சி நின்றோருக்கு விடிவு மெல்ல வந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால், நாடற்றவராய் அங்கே இருந்தவர்கள் இலங்கைக் குடிமக்களாயினர். 1948இல் பறித்ததை முற்றும் திருப்பித்தர 55 ஆண்டுகள்!

அந்தக் கதை முடிந்தது. நம் வீட்டுக் கதை முடிந்ததா?

1983 முதல், இனக்கலவரத்துக்கும் போருக்கும் தப்பி நம் கரை சேர்ந்தவர்கள், அவர்களுள் மலையகத் தமிழரும் உண்டு, இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். அகதிகள் முகாம் என்ற பெயரை 2021இல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, நன்று. ஆனால் குடியுரிமை டில்லியின் கையில் இருக்கிறது. 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பே போதும் என்கிறது சட்டம். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004க்குப் பிறகு இன்னும் கடுமை. ஆகவே தமிழகத்தில் பிறந்து, தமிழகப் பள்ளியில் படித்து, இலங்கையைக் கண்ணாலும் காணாத இளைஞன் அயல்நாட்டான்! 2019இல் திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்களே, பாகிஸ்தானைச் சொன்னார்கள், வங்கதேசத்தைச் சொன்னார்கள், ஆப்கானிஸ்தானைச் சொன்னார்கள்; இலங்கையை மட்டும் ஏன் மறந்தார்கள்?

நாம் கேட்பது சலுகையன்று. 1964இல் கேட்கத் தவறிய கேள்வியை இன்றேனும் கேளுங்கள் என்கிறோம். முகாமில் வாழும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். திரும்ப விரும்புவோர் நிலத்தோடும் பாதுகாப்போடும் திரும்பட்டும். இருக்க விரும்புவோர் குடிமக்களாக இருக்கட்டும். இருவரையும் தமிழ்ப்பற்றின் பெயராலோ, தேசப்பற்றின் பெயராலோ நாம் நெருக்கக்கூடாது. அவர்களுக்காக முடிவு செய்யும் உரிமை சர்க்காருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

ஆகவே தோழர்களே, அருகிலுள்ள முகாமுக்குச் செல்லுங்கள். வாக்கு இல்லாதவர் வீட்டுக்கு நமக்கென்ன வேலை என்று எண்ணாதீர்கள். வாக்கு இல்லாதவருக்காகப் பேசுவதே கட்சியின் தகுதிக்குச் சான்று.

இவ்வூர்க் கோயிலிலே வறுத்த பயறு முளைக்கும் என்றோர் நம்பிக்கை உண்டு. பகுத்தறிவாளனாகிய நான் அதை ஏற்பவனல்லன். வறுத்த பயறு முளைக்காது, தோழர்களே! ஆனால் இந்த மக்கள் வறுக்கப்பட்டும் முளைத்திருக்கிறார்கள். மலையிலே முளைத்தார்கள், முகாமிலே முளைத்தார்கள். முளைத்த பயிர் கேட்பது ஒரு பிடி மண். எந்த மண் என்பதை அவர்களே சொல்லட்டும்!