மனவடுவும் ஊரின் கடமையும்



இச்சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவிலே, கண்ணுக்குப் புலப்படாத காயமொன்றைப் பற்றிப் பேச விழைகின்றேன். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் யுத்தம் முடிவுற்றதெனினும், ஷெல்லடியிலும் இடப்பெயர்விலும் உற்றாரை இழந்தோரின் உள்ளத்திலே அது இன்னும் ஓய்ந்தபாடில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் அவர்கள், 'மனவடு' என்ற பெயரிலேயே 1993இல் நூலொன்று எழுதி, இத்துன்பத்தை நம் பாஷையிலேயே நமக்கு உணர்த்தினார்கள்.

வன்னிக் கிராமமொன்றிலே, பாயில் வட்டமாக அமர்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு தாய்மாருக்கு, உளவளத்துணையாளர் ஒருவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஆபத்தைக் கண்டதும் நெஞ்சு படபடத்து, தசைகள் இறுகி, உடம்பு ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாவது இயற்கையென்றும், ஆபத்து நீங்கிய பின்னரும் சிலருடைய சரீரம் அந்த ஆயத்தத்தினின்று மீள்வதில்லையென்றும் அவர் விளக்கினார். அப்பொழுது ஒரு தாய், கோயில் வெடிச் சத்தம் கேட்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலின் கீழே பதுங்கியதைச் சொல்லி, "எனக்கு விசர் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டார். "எனக்கும் அப்பிடித்தான் அக்கா" என்றார் அருகிலிருந்தவர். முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த அத்தாயின் விரல்கள் அக்கணமே தளர்ந்தன.

அன்பர்களே, தமக்கு நேர்ந்தது பைத்தியமன்று என்ற ஞானமும், இத்துயரில் தாம் தனியரல்லர் என்ற உணர்வும் ஒருங்கே கிடைக்குமிடம் இத்தகைய கூட்டுக் கல்வியேயாகும். அங்கே எவரையும் தம் கதையைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. முதலில் பாதுகாப்பு, பின்னர் நினைந்து துக்கித்தல், அதன் பின்னரே சமூகத்தோடு மீள இணைதல் என்ற கிரமத்தை, அமெரிக்க மனநல வைத்தியர் ஜூடித் ஹெர்மன் 1992இல் தம் நூலிலே வகுத்துக் காட்டினார். மூச்சுப் பயிற்சியோடு, சைவரின் மந்திர ஜபமும், கத்தோலிக்கரின் ஜெபமாலையும், இஸ்லாமியரின் திக்ரும், பழகிய மார்க்கங்களாதலின், சாந்திக்கு எளிதிலே துணையாகின்றன. உறக்கமும் உணவும் அற்று, உயிரையே வெறுப்போரை மாத்திரம் தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆகையால், வாரத்தில் ஒரு மாலைப்பொழுது இம்மண்டபத்தைத் திறந்து வைத்து, பாய்களை விரித்து, பயிற்சி பெற்ற ஒருவரை அழையுங்கள். வருகின்றவரிடம் என்ன நடந்ததென்று துருவிக் கேளாதீர்கள். பக்கத்திலே இருக்க இடங் கொடுங்கள்.