தெளிந்த நீரும் தூய நீரும்



சென்ற தவணையில் எமது பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சியில் ஒன்பதாந் தர மாணவர் சிலர் வடிகலம் ஒன்றை அமைத்திருந்தனர். அடியில் துளையிட்ட மண்பானை. உள்ளே கூழாங்கல், மணல், அவற்றின்மேல் இடித்த சிரட்டைக்கரி. நீல மை கலந்த நீரை ஊற்றினர், நிறமின்றி வடிந்தது. அடுத்து, பற்றறி திருத்தும் கடையொன்றின் கானில் அள்ளிய நீரை ஊற்றினர். அதுவும் தெளிந்தே வந்தது. பையன் ஒருவன் அதனைக் குவளையில் ஏந்திக் குடிக்கப் போனான். பாய்ந்து சென்று அவன் கையைப் பற்றிக்கொண்டேன். கலைப் பட்டதாரியாகிய நான் இன்று இரசாயனம் பேசத் துணிந்தமைக்கு அந்தக் குவளையே காரணம்.

கலங்கிய நீரைத் தெளிவிக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. தேற்றாங்கொட்டையை உரைத்து இட்டால் சேறு அடியிற் படியும் என்பதைக் கலித்தொகைக் காலத்தவரும் அறிந்திருந்தனர். ஆனால், சேறு கண்ணுக்குத் தெரிவது. கரைந்த ஈயம் தெரியாதது. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் என்பதே ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. ஒரு கிராம் ஈயம் கரைந்தால், 1,00,000 லீற்றர் நீர் அந்த எல்லையை எட்டிவிடும். வளரும் பிள்ளைகளின் மூளையையே அது பெரிதும் தாக்குகிறது.

அப்படியாயின் சிரட்டைக்கரி பயனற்றதா? அன்று. கரியை 900 பாகை அளவு வெப்பத்தில் நீராவி கொண்டு பதப்படுத்தினால், கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் அதனுள் எண்ணிலவாகத் திறக்கின்றன. அவ்வாறு பதப்பட்ட கரி ஒரு கிராமின் உட்பரப்பை விரித்துப் பார்த்தால் 1,000 சதுர மீற்றர் வரை வரும். ஏறத்தாழக் கால் ஏக்கர் வயல்! அப்பரப்பில் மாசுகள் ஒட்டிக்கொள்வதையே புறத்துறிஞ்சல் என்கிறோம். முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குச் சிரட்டைக்கரி பயன்பட்டது. இன்று இலங்கை இக்கரியைப் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. எங்கள் மாணவர் இட்டதோ அடுப்படிக் கரி. மையைப் பிடித்த கரி ஈயத்தையும் பிடித்திருக்கும் என்று எண்ணியதே அவர்கள் செய்த பிழை.

மேலும், பற்றறி நீர் அமிலம் மிக்கது. அமில நீரில் ஐதரசன் அயன்கள் முந்திக்கொண்டு இடம்பிடித்துவிடுவதால், உலோகம் ஒட்டுவதற்கு இடம் குறைகிறது. ஆகையால், முதலில் சுண்ணாம்பிட்டு அமிலத்தைத் தணித்து, ஈயத்தின் பெரும்பகுதியை வீழ்படிவாக்கி, எஞ்சியதையே புறத்துறிஞ்சிகளிடம் விடுவது முறை.

கரி மட்டுமன்று, நம் வாவியின் இறால், நண்டு ஓடுகளும் இவ்வேலைக்கு உதவும். அவற்றிலுள்ள கைற்றினைக் காரத்திற் பதப்படுத்தினால் கைற்றோசான் கிடைக்கிறது. உலோக அயன்களைப் பற்றிக்கொள்ளும் அமைன் கூட்டங்கள் அதில் நிறைந்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் இரும்புச் சேர்மத்தையும் கைற்றோசானையும் இணைத்து, ஆர்செனிக்கை நீக்கும் வடிபொருளை ஆக்கியுள்ளனர். செங்கலடிச் சந்தையில் நாம் வீசியெறியும் ஓட்டை இனி வேறு கண்ணோடு பார்க்கலாம்.

வாவியைப் பற்றி நான் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்நிலை கடலோடு கலப்பது ஒடுங்கிய முகத்துவாரங்களால். வறண்ட காலத்தில் அவற்றையும் மணற்றிட்டு அடைத்துவிடும். உட்சென்ற உலோகம் எளிதில் வெளியேறாது; சேற்றில் தங்கும். யப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலை விட்ட இரசம் மீனுக்குள் ஏறி, மீனை உண்டவரை முடமாக்கியது. அந்நோய் 1956இல் வெளிப்பட்டது. மீன் உண்ணும் ஊர் நம்முடையதும்.

கண்காட்சி முடிந்தபின் மாணவி ஒருத்தி வந்து, “ஐயா, ஈயத்தைக் கரி பிடித்திருந்தால், அந்தக் கரியை எங்கே கொட்டுவது?” என்று கேட்டாள். அதுவரை நான் எண்ணாத வினா. புறத்துறிஞ்சல் நஞ்சை அழிப்பதில்லை. இடம் மாற்றுகிறது, அவ்வளவே. பூந்தோட்டத்திற் கொட்டினால் மழையோடு மண்ணில் இறங்கும். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் போகும். அமிலத்தாற் கழுவி உலோகத்தை மீட்கும் முறை ஆலைகளில் உண்டு, பாடசாலையில் இல்லை. ஆதலால் அந்தக் கரி, மணலோடு சேர்த்து, மூடியிட்ட போத்தலில் எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது. ‘தொடவேண்டாம்’ என்று அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள்.