இரண்டு காபரேட்டரும் ஒரே மட்டத்தில்

(தோட்ட இளைஞர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2022இல் நாம் பெற்றோலுக்கு நின்ற வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆண்டுத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்தது, யூன் கடைசியில் 470 ரூபாவானது. அன்று நம் நாட்சம்பளம் 1000 ரூபா. இரண்டு லீற்றர் அடித்தால் ஒரு பேர் போச்சு. கியூஆர் முறை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் தந்தார்கள்.

அந்த நாளில்தான் நம் டிவிசன் தம்பி ஒருவரின் பழைய இரண்டு சிலிண்டர் சைக்கிள் பெற்றோலைக் குடிக்கத் தொடங்கியது. நிறுத்தி வைத்தால் எஞ்சின் நடுங்கும், ஏற்றத்தில் இழுக்காது. இரவில் யாருக்காவது வருத்தம் என்றால் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சைக்கிள் அது. டவுன் கராஜில் காட்டியபோது, இரண்டு காபரேட்டரையும் மாற்றச் சொல்லி ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்டார்கள். நாங்கள் சும்மா இருக்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு கருவி செய்தோம்.

விசயம் இதுதான். ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் தளர்ந்தால் பாரம் மற்றவர் மேல் விழும். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு காபரேட்டர் இருந்தால், இரண்டும் ஒரே அளவு திறக்க வேண்டும். குறைவாகத் திறந்த பக்கத்தில் எஞ்சினின் உறிஞ்சல் கூடும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கத்தான் கருவி.

நாலு மீற்றர் தெளிவான பிளாஸ்டிக் டியூப் வாங்கினோம். ஓர் ஆள் உயரப் பலகையில் அதை ‘ப’ மாதிரி, வளைவு கீழே வரும்படி கம்பியால் கட்டினோம். அரை மீற்றர் உயரத்துக்கு டூ ஸ்ட்ரோக் ஒயில் ஊற்றி, குமிழி அடங்கும்வரை விட்டோம். தப்பித்தவறி எஞ்சினுக்குள் போனாலும் அந்த ஒயில் புகையாகிப் போய்விடும். இரசம் மட்டும் வேண்டாம், அது நஞ்சு. ஒயில் துள்ளாமல் இருக்க டியூப்பின் இரண்டு முனையிலும் பழைய காபரேட்டர் ஜெட் ஒவ்வொன்றைச் செருகினோம். மொத்தச் செலவு ஒரு பேருக்கும் குறைவு.

முதலில் பிளக், காற்று வடிகட்டி, வால்வு இடைவெளி மூன்றும் சரியா என்று பார்க்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, வெளிவாசலில் வைத்துத்தான் வேலை. மூடிய அறையில் புகை ஆளைக் கொல்லும். சிலிண்டருக்குப் போகும் இரண்டு வழியிலும் உள்ள சிறு துவாரங்களில் டியூப்பின் முனைகளை மாட்டி, மெதுவாக ஓட விட வேண்டும். எந்தப் பக்கம் ஒயில் ஏறுகிறதோ அந்தப் பக்கக் காபரேட்டர் குறைவாகத் திறந்திருக்கிறது. இரண்டையும் இணைக்கும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மட்டத்தைச் சமன் செய்ய வேண்டும். ஒயில் மளமளவென்று ஏறினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

கருவியே பொய் சொன்னால்? அதற்கும் சோதனை உண்டு. இடது டியூப்பை வலதிலும் வலது டியூப்பை இடதிலும் மாட்டினோம். அதே காபரேட்டர்ப் பக்கம்தான் ஒயில் ஏறியது. கருவி நேர்மையானது என்று தெரிந்தது. பிறகு திருகாணியைத் திருப்பினோம். நடுக்கம் நின்றது, சைக்கிள் இன்றும் ஏற்றத்தில் இழுக்கிறது.

நம்மில் பலரிடம் இருப்பது ஒரு சிலிண்டர் சைக்கிள்தானே, இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அன்று பார்த்துக்கொண்டு நின்ற, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "சேர், குழாய மாத்திப் பாத்த மாதிரி நம்ம தராசையும் பாக்க ஏலாதா?"

நமக்குச் சுருக்கென்றது. மறுநாளே கடையிலிருந்து சீல் உடைக்காத 10 கிலோ அரிசிப் பை ஒன்றை மடுவத்துக்குக் கொண்டுபோனோம். கணக்கப்பிள்ளை முன்னாலேயே தராசில் வைத்தோம். முள் ஒன்பதரையில் நின்றது. பையைப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்தோம். அங்கே பத்து. 10 கிலோவுக்கு அரைக் கிலோ என்றால் 20 கிலோவுக்கு ஒரு கிலோ. மாதம் 20 நாள் பறித்தால் 20 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது வேறு கணக்கு.

நாங்கள் சத்தம் போடவில்லை. இரண்டு நிறையையும் எழுதி, பார்த்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, தலைவர் மூலம் ஒப்பீசுக்குக் கொடுத்தோம். அடுத்த வாரம் மடுவத்துக்கு வேறு தராசு வந்தது. அதையும் அதே மாதிரிப் பையால் சோதித்தோம். முள் பத்தில் நின்றது.

தோழர்களே, ஒயில் பலகை தோட்டத் தலைவர் வீட்டில் இருக்கிறது. தேவையானவர்கள் எடுத்துப் பாவித்துத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். தராசுச் சோதனைக்குப் பலகையும் வேண்டாம், ஒரு அரிசிப் பை போதும். ஒவ்வொரு டிவிசனிலும் மாதம் ஒரு தரம் செய்யுங்கள், தாய்மார்களே முன்னின்று செய்யுங்கள். வந்த நிறையைக் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளோடு வாருங்கள்.