விளையாட்டும் வினைச்சொல்லும்
(தங்கவயல் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில், மாலை வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)

     

தமிழ்ச் சங்கத்தின் விழாவில் ஆங்கில வினைச்சொற்களைப் பற்றிப் பேசுவதா என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். ஈராண்டுகளாகச் சங்கத்தின் பின்கட்டு அறையில் நாங்கள் நடத்திவரும் மாலை வகுப்பைப் பற்றிக் குழுவினர் கணக்குக் கேட்டனர். அங்கே கற்பிப்பதில் ஒரு பகுதி ஆங்கிலம். அதிலும் எங்களை மிகவும் வருத்தியது இந்த வினைச்சொல்தான். ஆதலின் அதைப் பற்றியே சொல்ல முன்வந்தோம்.

நம் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் இவ்வயலுக்கு வந்த வரலாற்றை நீங்கள் எங்களினும் நன்கறிவீர்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே காலூன்றிய நாள்தொட்டு ஆங்கிலம் நம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. 'சின்ன இங்கிலாந்து' என்றே இவ்வூரை அழைத்ததுண்டு. ஷாப்ட், கேஜ், ஷிப்ட் என்று நம் பாட்டன்மார் நாள்தோறும் ஆங்கிலம் பேசினர். ஆனால் அவையெல்லாம் பெயர்ச்சொற்கள். வினைச்சொல் தமிழிலேயே இருந்தது. 'கேஜ் ஏறினான்', 'ஷிப்ட் முடித்தான்' என்று சொல்லும்பொழுது ஆங்கில இறந்தகாலம் எவருக்கும் தேவைப்படவில்லை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புவதே நம் பிள்ளைகள் பலருடைய வாழ்வாயிற்று. அங்கே வேலை கேட்டுச் செல்லும் இடத்தில், "இதுவரை என்ன செய்தாய்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது இறந்தகாலத்தில் விடை சொல்ல வேண்டிய கேள்வி.

எங்களுக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர், பட்டம் பெற்றவர், பெங்களூரில் ஓர் அலுவலகத்திற்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். அன்றிரவு ரயில் நிலையத்தில் எங்களிடம் அவர் கூறியது இது: "ஒவ்வொரு வினைச்சொல்லுக்கு முன்னாலும் நின்று யோசித்தேன் ஐயா. டீச்சா, டாட்டா? பிரிங்கா, பிராட்டா? நான் முடிவு செய்வதற்குள் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்." அவர் சிறுவயதில் அந்த மூன்று பத்திப் பட்டியலை முழுவதும் நெட்டுருச் செய்தவர். விரல் முட்டியில் அளவுகோலால் அடி வாங்கிச் செய்தவர். இன்றும் நிறுத்தாமல் ஒப்பிப்பார். ஒப்பிக்கத் தெரிந்தவருக்குப் பேச வராதது ஏன் என்று அன்று முதல் நாங்கள் ஆராயத் தலைப்பட்டோம்.

ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைகள் ஒரே விதிக்கு அடங்கியவை. வாக் என்றால் வாக்ட், பிளே என்றால் பிளேட் என்று முடியும். விதிக்கு அடங்காதவை, அதாவது பள்ளியில் 'இர்ரெகுலர் வெர்ப்' என்று சொல்பவை, இருநூறுக்குள்தான் அடங்கும். ஆனால் அன்றாடப் பேச்சில் மிகுதியாக வழங்கும் பத்து வினைகளை எண்ணிப் பாருங்கள்: பீ, ஹேவ், டூ, ஸே, கோ, கெட், மேக், ஸீ, கம், டேக். பத்தும் விதிக்கு அடங்காதவை! இது தற்செயலன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2007-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டனர். பழைய ஆங்கிலத்தில் அவர்கள் திரட்டிய 177 விதிக்கு அடங்காத வினைகளில் இன்று 98 மட்டுமே அவ்வாறு எஞ்சியுள்ளன. மற்றவை பொது விதிக்குள் வந்துவிட்டன. அருகி வழங்கிய சொற்கள் விரைவில் மாறின. அடிக்கடி வழங்கிய சொற்களோ பழைய வடிவத்தை விடவில்லை. நாள்தோறும் வாயில் புழங்குவதால்தான் அவை பிழைத்து நிற்கின்றன. அவ்வாறாயின் நம் பிள்ளையின் வாயிலும் அவை புழங்கித்தானே நிலைக்க வேண்டும்?

நிற்க. நம் தாய்மொழியைச் சற்றே நோக்குவோம். கல் என்பது கற்றான் ஆகிறது; நில் என்பது நின்றான் ஆகிறது; சொல் என்பது சொன்னான் ஆகிறது. மூன்றும் 'ல்' என்று முடியும் சொற்களே. மூன்றும் மூன்று வழியில் செல்கின்றன. வா என்பது வந்தான் எனக் குறுகுகிறது. போ என்பது போனான் என நெடிலாகவே நிற்கிறது. இதற்கெல்லாம் நம் வீட்டில் எவரேனும் பட்டியல் தொங்கவிட்டோமா? ஐந்து வயதுக் குழந்தை பிழையின்றிப் பேசுகிறதே! அதுமட்டுமா? தெருவில் கோலி ஆடும்பொழுதே 'பந்தெ', 'ஹோதெ' என்று கன்னடத்து இறந்தகாலத்தையும், பக்கத்து வீட்டுத் தெலுங்கையும் பற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. நம் வயலுக்கு இயற்கையாக அமைந்த பேறு இது. ஆங்கிலம் ஒன்றைத்தான் நாம் தெருவில் விடாமல் அறைக்குள் பூட்டிவைத்து அளவுகோலுடன் காவல் நிற்கிறோம்.

பிழையைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளை 'கம்' என்பதற்கு 'கம்ட்' என்றும், 'ஈட்' என்பதற்கு 'ஈட்டட்' என்றும் சொன்னால் நாம் சினந்துகொள்கிறோம். 1958-இல் ஜீன் பெர்கோ என்னும் அமெரிக்க அம்மையார், உலகில் இல்லாத சொற்களை உண்டாக்கி நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளிடம் கொடுத்து, இவற்றின் இறந்தகாலம் என்ன, பன்மை என்ன என்று கேட்டார். எவரும் கற்றுக்கொடுக்காத சொற்களுக்கும் பெரும்பாலான குழந்தைகள் விதிப்படி விடை கூறினர். ஆதலின் 'கம்ட்' என்று சொல்லும் பிள்ளை விதியைத் தானே கண்டுபிடித்துக்கொண்ட பிள்ளை. அதை அடிப்பது எப்படிப் பொருந்தும்?

இனி எங்கள் விளையாட்டுகளுக்கு வருகிறோம்.

முதலில் நாங்கள் செய்தது பட்டியலைக் கலைத்தது. பழைய இலக்கண நூல்கள் ஆங்கில அகர வரிசையில் செல்வதால் 'அபைடு', 'அரைஸ்' என்பன முதலில் வந்து நிற்கின்றன. அபைடு என்று சொல்லாமலே ஒருவர் நூறாண்டு வாழ்ந்துவிடலாம். அவற்றை ஒதுக்கிவிட்டு, ஓசை ஒத்தவற்றைக் குடும்பங்களாக்கினோம். ஸிங், ஸாங், ஸங் என்பதோடு ரிங், டிரிங்க், ஸ்விம் ஒரு வீடு. கீப், கெப்ட் என்பதோடு ஸ்லீப், ஸ்வீப், வீப் மற்றொரு வீடு. கட், புட், ஹிட், ஷட் என்பன எக்காலத்தும் மாறாத பிடிவாதக்காரர்கள். பிள்ளைகளுக்கு இவர்கள்மேல் மிகுந்த அன்பு.

பின்னர் முற்றத்தில் பாண்டிக் கட்டம் வரைந்தோம். சில்லை எறிந்து நொண்டியடித்து, முதற்கட்டத்தில் கோ, அடுத்ததில் வென்ட், அதற்கடுத்ததில் கான் என்று கூவிக்கொண்டே தாண்ட வேண்டும். அதன்பின் பழைய திருமண அழைப்பிதழ்களின் பின்புறத்தில் சொற்களை எழுதிச் சீட்டுகளாக வெட்டி, மூன்று வடிவங்களையும் முதலில் சேர்ப்பவர் வென்றவர் என்று ஆடவைத்தோம். இச்சமயத்தில் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "சங்கத்துக்குள்ளேயே சீட்டாட்டமா!" என்று கொதித்தெழுந்ததும், தாய்மார் சிலர் "படிக்க அனுப்பினோமா, ஆட அனுப்பினோமா?" என்று வினவியதும் இங்குள்ள பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் வினவியதில் தவறில்லை.

ஏனெனில் அந்த ஆட்டங்கள் ஓரளவுக்குத் தோற்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாண்டியில் ஒரு முறையும் தவறாத சிறுவனை அழைத்து, "நேற்று எங்கே போனாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டோம். "எஸ்டர்டே ஐ கோ பேத்தமங்கலம்" என்றான். கோ, வென்ட், கான் என்று பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் நொண்டியடித்துக் கூவினான்! பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துத் தரையில் வரைந்திருந்தோம், அவ்வளவே. சொல் அவனுக்கு எதையும் தெரிவிக்கும் கருவியாகவில்லை.

இதற்கு விடை வெகு தொலைவில் இல்லை. பெங்களூரிலும் சென்னையிலும் பிற ஊர்களிலும் 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்னும் அறிஞர் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தைத் தனியே கற்பிக்காமல், ரயில் கால அட்டவணை, ஊர்ப்படம் முதலியவற்றைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்கும்படி மாணாக்கரைப் பணித்தார். கருத்து பொருளில் நிற்க, மொழி தானே வந்து சேரும் என்பது அவர் கொள்கை. கர்நாடக அரசும் 1995-இல் ஹெக்கடதேவன கோட்டைப் பகுதிப் பள்ளிகளில் 'நலி கலி' என்ற பெயரில் ஆடிப்பாடிக் கற்கும் முறையைத் தொடங்கியது. மகிழ்ந்து கற்பாய் என்பது கன்னடத்தில் அதன் பொருள். நலி என்பதும் கலி என்பதும் தமிழில் துன்பத்தைக் குறிக்கும் சொற்களாதலால், எங்கள் ஆசிரியர் ஒருவர் பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டார்!

ஆகவே விளையாட்டை மாற்றினோம். ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் சீட்டு நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. அதை விசாரணை ஆக்கினோம். நேற்று மாலை 5 மணிக்குச் சங்கத்து மணி காணாமற் போயிற்று. ஐயத்திற்கு உரியவர் இருவர். "நாங்கள் இருவரும் ஒன்றாக வேறிடத்தில் இருந்தோம்" என்பது அவர்கள் வாதம். வெளியே சென்று தங்கள் கதையைப் பேசி வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் தருகிறோம். பின்னர் ஒருவரை மட்டும் உள்ளே அழைத்து வகுப்பு முழுவதும் கேள்வி கேட்கிறது. அடுத்து மற்றவரை அழைத்து அதே கேள்விகளைக் கேட்கிறது. இருவர் விடையும் மூன்றிடத்தில் முரண்பட்டால் அவர்களே திருடர்கள்.

எங்கே போனீர்கள்? எதில் வந்தீர்கள்? என்ன வாங்கினீர்கள், தின்றீர்கள், குடித்தீர்கள்? யார் காசு கொடுத்தது? யாரைப் பார்த்தீர்கள்? பாருங்கள், வென்ட், கேம், பாட், ஏட், டிராங்க், பெய்ட், ஸா என்று வரிசையாக விதிக்கு அடங்காதவையே வந்து விழுகின்றன. எவரும் அவற்றைத் தேடி வைக்கவில்லை. வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் அவைதாம் வரும்.

நான் முன்னர்ச் சொன்ன என்று தனித்துக் கூறாமல், நாங்கள் முன்னர்க் குறிப்பிட்ட என்றே கூறுகிறோம். எங்கள் நால்வருக்கும் பொதுவான அனுபவம் இது. அவ்விளைஞரின் தங்கை எங்கள் வகுப்பில் இருந்தாள். ஏழு மாதம் வாய் திறவாதவள். அண்ணன் தோற்று வந்த கதையை வீட்டில் கேட்டுக் கேட்டு, பேசினால் பிழை வரும் என்று அஞ்சியிருந்தாள். ஒருநாள் விசாரணையில், முதற்சிறுவன் ஆண்டர்சன்பேட்டையில் டீ குடித்ததாகவும், இரண்டாமவன் காபி குடித்ததாகவும் கூறிவிட்டனர். வகுப்பில் எவரும் கவனிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து அவள் எழுந்து, "நோ! ஹீ ஸெட் டீ! யூ ஸெட் காபி!" என்று கத்தினாள். கத்திய பின்னரே தான் பேசியதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஸே என்பதன் இறந்தகாலம் ஸெட் என்று அவள் அந்நேரத்தில் யோசித்திருக்கவே மாட்டாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே உள்ள ஓர் இடர்ப்பாடும் இவ்விளையாட்டில் வெளிப்பட்டது. தமிழில் "எங்கே போனாய்?" என்று கேட்டால் "கடைக்குப் போனேன்" என்கிறோம், கேள்வியிலும் விடையிலும் வினை ஒரே காலத்தைக் காட்டுகிறது. ஆங்கிலத்திலோ கேள்வியில் 'டிட்' என்பது காலத்தைச் சுமந்துகொள்ள, வினை வெறும் 'கோ'வாக நிற்கிறது. விடையில்தான் 'வென்ட்' வருகிறது. ஆதலின் பிள்ளைகள் "டிட் யூ வென்ட்" என்றே கேட்டனர். இதற்கு நம் தமிழே துணைநின்றது. 'போனேன்' என்பதை மறுத்துச் சொல்லுங்கள் என்றோம். "போகவில்லை" என்றனர். போனேன் என்பதிலிருந்த காலம் 'போக' என்பதில் எங்கே? மறைந்துவிட்டது! "டிட் நாட் கோ" என்பதும் அவ்வாறே என்றதும் பலருக்கு முகம் மலர்ந்தது. மூன்றாம் பத்தியிலுள்ள 'கான்' என்பதற்கும் 'போயிருக்கிறேன்' என்பதிலுள்ள 'போய்' ஏறக்குறைய ஒப்பாகும். முற்றிலும் பொருந்தும் என்று சொல்லமாட்டோம்; தொடக்கத்திற்குப் போதும்.

விளையாட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நாங்கள் கூறவரவில்லை. எழுத்துக்கூட்டல் எழுதித்தான் வரும். டாட் என்பதையும் தாட் என்பதையும் ஓசையால் மட்டும் பிரிக்க நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். அறுபது பேர் நெருங்கி அமர்ந்த பள்ளி வகுப்பில் விசாரணை ஆட்டம் பெரும் கூச்சலில் முடியும். தேர்வுத்தாளோ இன்னும் பட்டியலைத்தான் கேட்கிறது. எனவே கடைசிக் கால் மணி நேரம் எழுதவே வைக்கிறோம். அன்றைய விசாரணையில் யார் என்ன பொய் சொன்னார் என்பதை ஐந்து வரியில் எழுத வேண்டும். அளவுகோல் கோடு போட மட்டுமே பயன்படுகிறது.

அவ்விளைஞரும் இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வந்து போலீசாக அமர்கிறார். கேள்விகள் கடுமையாக இருக்கின்றன என்று சிறுவர்கள் புகார் கூறுகிறார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டுகள் கிழிந்துவிட்டன. வீட்டிலுள்ள பழைய திருமண அழைப்பிதழ்களை, கெட்டித் தாளாகப் பார்த்து, சங்க அலுவலகத்தில் சேர்ப்பித்தால் நன்றியுடையோம். நாடகத்திற்கு முன்னர்ச் சிறுவர்கள் இதே மேடையில் மணித் திருட்டு விசாரணையை நடத்திக் காட்டுவார்கள். அவையிலுள்ளோரும் கேள்வி கேட்கலாம். ஆனால் "டிட் யூ வென்ட்" என்று எவரேனும் கேட்டுவிட்டால் அவர்களைப் பிள்ளைகள் விடமாட்டார்கள், எச்சரித்துவிட்டோம்.